தாயார் நலம்

கார்த்திகை தீபத்துக்கு இருபது நாள் இருக்கும்போது எங்கள் ஜில்லாவில் பட்டாளத்தான்களைப் பெற்ற அம்மாக்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் உடம்பு கெட்டுவிடும். ஒருத்திக்கு நெஞ்சு வலி, ஒருத்திக்கு மஞ்சள் காமாலை, இன்னொருத்தி கிணற்றில் விழுந்து பிழைத்திருப்பாள். 'தாயார் சீரியஸ், உடனே புறப்படு' என்று தந்தி பறக்கும். சிரிக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கொடுத்த ஊர்களில் லீவு வாங்க வேறு வழி தெரியாது. தந்தியைப் பார்த்த மேலதிகாரி மட்டும் அப்படியே நம்பிவிடுவாரா? 'இது நிஜம்தானா, விசாரித்து எழுதவும்' என்று எங்கள் ஆபீஸுக்கு ஒரு கடிதம் போடுவார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய் அம்மாக்களைப் பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் சுபேதார் சாருடைய வேலை.

ஜில்லா பிரிந்த புதிதில், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டிடத்தில், பட்டாளத்துக் குடும்பங்களின் குறைகளைக் கேட்க நடந்த ஆபீஸ் அது. ரிட்டயரான ஒரு மேஜர்தான் அதிகாரி. அவருக்கு அடுத்தவர் இவர், இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக வெளியே வந்தவர். மூன்றாவது நான். டைப்பிஸ்ட், தற்காலிகம். ஆபீஸில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுபேதார் சார் என்றால் சுபேதார் சார்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆள் குட்டை. மீசை கிடையாது. பட்டாளத்து ஆள் வருகிறார் என்று பெரிய மீசையை எதிர்பார்த்து நிற்கிற வீடுகளில் அதிலேயே பாதி ஏமாந்துபோவார்கள். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கால் உடைந்திருந்தது. அந்தப் பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டு வருஷக் கணக்கில் ஓட்டினார். ஷூவில் மட்டும் முகம் பார்க்கலாம். கோபம் வந்தால் இந்தி வரும். ஜாஸ்தி கோபம் வந்தால் பேச்சே வராது, எனாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் அரை மணி நேரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த டம்ளர் அவ்வளவு பளபளப்பாக இருந்ததற்கு எங்கள் மேஜர்தான் காரணம்.

விசாரணைக்கு எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் போவார். "சீரியஸா இருக்கற அம்மாங்கள்லாம் பத்து மணிக்குத்தான் நல்லா இருப்பாங்க" என்பார். அந்த நேரத்தில் ஒருத்தி களை எடுத்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி சாணி தட்டிக்கொண்டிருப்பாள். இவரைக் கண்டதும் போட்டது போட்டபடி பாயைத் தேடி ஓடுவார்கள். இவர் ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைப்பார். "குடிக்கத் தண்ணி குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். "நல்லா இருக்கீங்களா?" என்பார். அவ்வளவுதான் வியாதி பற்றிய விசாரணை. அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றே.

"பையன் போட்ட கடுதாசி இருக்கா?"

கடுதாசிக்கும் கிணற்றில் விழுந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் முழிப்பார்கள். ஆனாலும் எடுத்துக் கொடுப்பார்கள். காலண்டருக்குப் பின்னாலிருந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இன்லண்டு லெட்டர்கள் வரும். அவற்றைத் தேதிப்படி அடுக்குவார். எந்த மாதம் எழுதவில்லை என்று பார்ப்பார். பிறகு படிப்பார். படித்த பின் காகிதத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் கட்டைவிரலால் தடவுவார், பேனா எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறது என்று. எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இவர் என்ன சுபேதாரா, நாடி ஜோசியரா?

போளூர் பக்கத்தில் ஒரு வீடு. 'தாயார் கவலைக்கிடம்' என்று தந்தி கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோது தாயார் மருமகளோடு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் திரும்பியிருப்பேன். இவர் உட்கார்ந்து ஆறு கடுதாசி படித்தார். பையன் எல்லாவற்றிலும் மாமன் மகள் கல்யாணம் என்றைக்கு, தீபத்துக்கு யார் யார் வருகிறார்கள், கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கொட்டிக் கொட்டிக் கேட்டிருந்தான். இவர் சிரித்துவிட்டார். 'தாயார் நலம். மகனும் நலம். தீபம் பார்க்க ஆசைப்படுகிறான். ஆள் மிச்சமிருந்தால் நாலு நாள் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் தீபம் வரும் என்று சொல்லவும்' என்று எழுதச் சொன்னார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் டைப் அடித்தேன்.

செங்கம் பக்கத்தில் இன்னொரு வீடு. அங்கேயும் தாயார் குத்துக்கல்லாட்டம் இருந்தாள். ஆனால் கடுதாசிகளைப் படித்தவர் சிரிக்கவில்லை. "இங்க பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார். நாலு கடுதாசியிலும் ஒரே நாலு வரி, அதே வரிசை. நான் நலம். இங்கு குளிர். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும். பணம் வந்ததா. முன்னால் எல்லாம் இரண்டு பக்கம் நுணுக்கி எழுதியவன். "இவன் எழுதல, காப்பி அடிக்கறான். தூங்கி எத்தினி நாளாச்சோ" என்றார். அப்பாக்காரர் அதைக் கேட்டதும் அழுதார். "போதும் சாரு. அவன் வந்துடட்டும். கூழோ கஞ்சியோ ஊத்தி நாங்க வெச்சிக்கறோம்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது, அதுவும் தமிழிலேயே. "இன்னாத்துக்கு நீங்க வெச்சிக்கணும்? கல்லாட்டம் புள்ளையக் குடுத்தீங்க. பட்டாளத்துல ஒடஞ்சத பட்டாளம்தான் ஒட்டணும். வீடு இன்னா ஆஸ்பத்திரியா?"

அவர் எழுதச் சொன்ன அறிக்கை: 'தாயார் நலம். மகன் நலமாக இல்லை. கவனிக்கவும்.'

மேஜருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "சுபேதார் சாப், அவங்க கேட்டது ஒரு வார்த்தை. நிஜமா, பொய்யா? கேட்டதுக்கு பதில் எழுதுங்க. படைன்னா தர்ம சத்திரம் இல்ல. நிக்க முடியாதவனை வெளிய அனுப்பிட்டு நிக்கறவனை எடுக்கணும்" என்பார்.

இவர் விறைப்பாக நின்றுகொண்டுதான் பதில் சொல்வார். "வண்டி ரிப்பேரானா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கோம் சாப். கோவேறு கழுதைக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர் வெச்சிருக்கோம். மனுசன் ரிப்பேரானா மட்டும் அவன் அம்மா படுத்துக்கினு இருக்காளான்னு திருவண்ணாமலைக்கு லெட்டர் போடறோம். இது இன்னா நாயம்?"

"எல்லாரையும் தாலாட்டிக்கிட்டு இருந்தா செண்ட்ரி யார் நிக்கறது?"

"தாலாட்ட சொல்லல சாப். துப்பாக்கிய வாங்கிக்க சொல்றேன். தட்ட வாங்காதீங்கன்றேன்."

இது அவர் அடிக்கடி சொல்வது. துப்பாக்கிய வாங்கு, தட்ட வாங்காத. கை நடுங்குகிறவன் கையில் துப்பாக்கியை விட்டுவைக்காதே. ஆனால் அவனைக் கூட்டத்தை விட்டுப் பிரிக்காதே. கம்பெனியோடு ஒரே வரிசையில் தட்டைப் பிடித்து நின்று சாப்பிடட்டும். விறகு உடைக்கவிடு, சமையலில் போடு, கழுதைக்குத் தீனி வைக்கச் சொல். வேலையைக் குறை, ஆளைக் கழிக்காதே. பட்டாளம் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் இதைவிடச் சரியான பேச்சை அந்த விஷயத்தில் நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

சரி, ஒரு டைப்பிஸ்டுக்கு விசாரணைக்குப் போகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அது எனக்குக் கிடைத்த தண்டனை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

என் தம்பியும் பட்டாளத்தில்தான் இருந்தான். வடக்கே ஒரு மலை முகாமில். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். நைனா செத்த பிறகு கொஞ்சம் நிலத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் தம்பியிடமிருந்து ஆபீஸ் விலாசத்துக்கு, என் பெயருக்கு ஒரு கடுதாசி வந்தது. 'அக்கா, எப்படியாவது ஒரு தந்தி கொடு. டூட்டியில் நிற்க முடியவில்லை. துப்பாக்கியைத் தொட்டால் கை நடுங்குகிறது. கண்ணை மூடினாலும் தூக்கம் வருவதில்லை. யாரிடமும் சொல்ல முடியாது, கோழை என்பார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.'

இவரிடம் காட்டியிருக்க வேண்டும். நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் தம்பியின் ரகசியமாயிற்றே. ஆபீஸில் தெரிந்தால் பட்டாளத்துக்குத் தெரியும், பட்டாளத்துக்குத் தெரிந்தால் அவன் பெயர் கெடும், வேலை போகும். அப்படித்தான் என் புத்தி ஓடியது. அதோடு எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எத்தனை பொய்த் தந்திகளின் விசாரணையை டைப் அடித்திருக்கிறேன்! எது மாட்டிக்கொள்ளும், எது மாட்டாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? 'தாயார் சீரியஸ்' என்று நான் கொடுக்கவில்லை. 'தாயார் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிவு, ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்று கொடுத்தேன். கெட்டிக்காரப் பொய்.

பொய் கெட்டியாக இருந்தால் போதுமா? விசாரித்து எழுதச் சொல்லி வழக்கம்போல எங்கள் ஆபீஸுக்கே கடிதம் வந்தது. தபாலைப் பிரிப்பது நான்தான். எடுத்து என் மேஜை இழுப்பறையில், கார்பன் பேப்பருக்கு அடியில் வைத்தேன். பதில் போகாவிட்டால் சந்தேகத்தின் பலனில் லீவு கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. பன்னிரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. அம்மாவிடம், "ஆபீஸ்காரங்க யாராவது வந்தா கால நீட்டிப் படுத்துக்கோம்மா, தம்பிக்கு லீவுக்காக" என்று மட்டும் சொல்லிவைத்தேன். "ஏன்டி, வெதச்ச மல்லாட்டைக்கு களை எடுக்கறத உட்டுட்டு நான் படுத்துக்கணுமா?" என்றாள்.

பதிமூன்றாம் நாள் காலை, 'முன் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை' என்று நினைவூட்டுக் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் அதை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் கையில் கொடுத்துவிட்டான். பிரித்துப் படித்தார். உள்ளே வந்து என் மேஜை முன் நின்றார். ஊர் பெயரும், இறந்துபோன என் நைனா பெயரும் அதில் இருந்தன.

"டைப்பிஸ்ட்டம்மா, அடி அண்ணாமலைல ஒரு விசாரணை. வழி காட்டறியா?"

அவருக்குத் தெரியாத வழியா? என் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் அவர் பின்னாலேயே போனேன். அண்ணாமலையாரே, அம்மா இன்றைக்கு ஒரு நாளாவது வீட்டில் படுத்திருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டே போனேன். நான் பொய்க்குத் துணை கேட்டால் மலை கொடுக்குமா?

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தவும், வரப்பு மேல் அம்மா தலையில் ஒரு பெரிய புல்லுக்கட்டோடு வேக வேகமாக நடந்து வரவும் சரியாக இருந்தது. தொடை எலும்பு முறிந்தவள்! எங்களைப் பார்த்ததும் நின்றாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வாங்க சாரு. ஆபீஸ்லருந்தா? ஒக்காருங்க. ஒரு பத்து நிமிசம். மாட்டுக்கு இந்தப் புல்லப் போட்டுட்டு வந்து படுத்துக்கறேன்."

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அவர் ஷூவைக் கழற்றினார். "அவசரமில்லக்கா, மெதுவா வந்து படுங்க. குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். சிரிப்பை அடக்கியதில் கண்ணாடி நூல் அறுந்து விழுந்தது. அதை எடுத்துக் கட்டிக்கொண்டே என்னைக் கேட்டார். "கடுதாசி இருக்கா?"

டிரங்குப் பெட்டியிலிருந்த ஐந்தாறு இன்லண்டைக் கொடுத்தேன். அடுக்கினார், படித்தார், திருப்பினார், தடவினார். கடைசி மூன்றிலும் ஒரே வரிகள். நான் நலம், குளிர், அம்மாவைப் பார்த்துக்கொள். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இன்னொண்ணு இருக்குமே."

"இல்ல சார்."

"இருக்கும்மா. இவ்ளோ கெட்டியா பொய் சொல்ல ஒரு காரணம் இருக்கும். குடு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார். எழுந்துவிட்டார். அவ்வளவு கோபத்திலும் இந்தி வரவில்லை, டம்ளர் தேய்க்கப் போகவில்லை. குரல் மட்டும் தணிந்து வந்தது.

"இது தெரிஞ்சும் பன்னெண்டு நாளு உள்ள வெச்சிருந்தியா? பன்னெண்டு நாளா இந்தப் பையன் கையில லோடு பண்ண துப்பாக்கி இருக்குது. தூக்கம் இல்லாதவன் கையில. நீ ஒன் அம்மா கால ஒடச்சி தந்தி குடுத்த. அவங்க அத்தினி பேரும் அடி அண்ணாமலையப் பாத்துகினு இருக்காங்க. ஒடஞ்சி நிக்கற பையன அங்க எவனும் பாக்கல."

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. லீவு, பெயர், வேலை என்று நான் எதையெதையோ காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தம்பியைக் காப்பாற்றவில்லை. அழுதேன். அம்மா பக்கத்தில் நின்று, "இன்னாச்சு அவனுக்கு? சொல்லுடி, என் புள்ளைக்கு இன்னாச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. ஆக உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

நானும் பின்னாலேயே மிதித்தேன், நேராக ஊருக்குள் தந்தி ஆபீஸ். கடிதம் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். தந்தித் தாளில் அவர் எழுதியது: 'தாயார் நலம். மகன் நலமாக இல்லை. தூக்கமில்லை, கை நடுங்குகிறது. இன்றே துப்பாக்கியை வாங்கவும். கம்பெனியோடு வைத்துக்கொள்ளவும். தண்டிக்க வேண்டாம். கடிதம் பின்னால் வருகிறது.' கவுண்டரில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். எங்கள் ஊர்த் தந்தியெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும்.

"தாயார் நலம்னா இருக்குது? சீரியஸ்னு எழுத மறந்துட்டீங்களா சார்?"

"மறக்கல. நலம்தான்."

"நலமா இருக்கறதுக்குத் தந்தி குடுக்கறவர இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

தந்தி ஆபீஸ் படியில் நின்றுகொண்டுதான், இவ்வளவு பதைப்பு ஏன் என்று அவர் சொன்னார். ஹவில்தாராக இருந்தபோது அவருக்குக் கீழே ஒரு பையன். பாராவில் தூங்கினான், சொன்னது காதில் ஏறாது, இலக்கைப் பார்த்துச் சுடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான். தாயார் சீரியஸ் என்று தந்தி வந்தது, விசாரித்தால் பொய். "டபாய்க்கறான்னு முதுவுல மூட்டையக் கட்டி வெயில்ல ஓட உட்டேன். எட்டு நாளு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல, சொன்னத சொன்ன மாரி ஓடுனான். திருந்திட்டான்னு நெனச்சேன். ஒம்போதாவது நாளு ஆளு இல்ல. பூட்ஸ பாலிஷ் போட்டு கட்டிலுக்குக் கீழ வெச்சிட்டுப் போயிட்டான். இன்ன வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியல. ஒரு நாளாவது கிட்ட ஒக்காந்து, இன்னாடா ஆச்சு ஒனக்குன்னு நான் கேக்கல." அதன்பின் ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆபீஸுக்கு வந்ததும் அறிக்கையை என்னையே டைப் அடிக்கச் சொன்னார். 'தந்தி பொய். கொடுத்தவர் இவ்வலுவலகத் தட்டச்சர், சிப்பாயின் அக்காள். விசாரணைக் கடிதத்தைப் பன்னிரண்டு நாள் மறைத்தவரும் அவரே.' ஒவ்வொரு எழுத்தையும் என் விரலாலேயே தட்டினேன். கண்ணீரில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது, திரும்ப அடிக்கச் சொன்னார். படுபாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன்.

மேஜர் என்னை உடனே வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நியாயம்தான். இவர் விறைப்பாக நின்றார். "தப்பு பெரிய தப்பு சாப். தபால் பொட்டி சாவிய வாங்கிடுங்க. நாற்காலிய வாங்காதீங்க. ஆறு மாசம் என்கூட விசாரணைக்கு வரட்டும். வீடு வீடா எல்லா அம்மாங்க மூஞ்சியும் பாக்கட்டும்." அரை மணி நேரம் சண்டை நடந்தது. டம்ளர் தேய்க்காமலே மேஜரை ஜெயித்தார். போளூருக்கும் செங்கத்துக்கும் நான் போனது அப்படித்தான்.

தம்பி மறு வருஷம் நிஜமான லீவில் வந்தபோது சொன்னான். தந்தி போன அன்று சாயங்காலமே கம்பெனி அதிகாரி அவனைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா கொடுத்தது, இவர் கொடுத்தது என்று இரண்டு தந்தியையும் காட்டி, "இதுல எது நிஜம்?" என்று கேட்டாராம். இவன் பொய் சொல்லத் தயாராகப் போனவன், 'தாயார் நலம்' என்று பார்த்ததும் சொல்வதற்குப் பொய் ஒன்றும் மிச்சமில்லாமல் அழுதிருக்கிறான். துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் மிலிட்டரி ஆஸ்பத்திரி. திரும்பி வந்ததும் கம்பெனிச் சமையலில் போட்டார்கள். "மொத ரெண்டு நாளு பசங்க ஒரு மாரி பாத்தாங்கக்கா. மூணாவது நாளு சப்பாத்தி கருகிப்போச்சுன்னு திட்டனாங்க. அப்பத்தான் உசுரு வந்துது எனக்கு" என்றான். பத்து மாதம் கழித்து அவனாகவே போய் பழைய டூட்டி கேட்டு வாங்கினான்.

எல்லாம் இப்படி முடிந்ததென்று சொன்னால் அது நான் கொடுத்த தந்தி மாதிரி ஆகிவிடும். இவருடைய அறிக்கைகள் பலவற்றுக்குப் பதிலே வராது. சிலவற்றுக்கு, 'கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்' என்று சூடாக வரும். செங்கத்துப் பையனைப் பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு டம்ளர் ரொம்ப நேரம் குழாயடியில் இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு அடுத்த விசாரணைக்குக் கிளம்பிவிட்டார், மனுஷன்.

அவர் ஆபீஸை விட்டுப் போய், நான் நிரந்தரமாகி, பல வருஷம் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கார்த்திகை. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தம்பி அப்போது ஹவில்தார், வடகிழக்கில் இருந்தான். போன் வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் லீவுக்குத் தந்தி வேண்டும் என்றார்கள். 'தாயார் சீரியஸ், உடனே புறப்படு' என்று எழுதினேன். ஊரே எழுதிய அதே வாசகம். தீபத்துக்குப் பத்து நாள் இருக்கிறது, எந்த அதிகாரி நம்புவான்? விசாரித்து எழுதவும் என்று கடிதம் வந்து, பதில் போய், அதற்குள் அம்மா இருப்பாளா? எனக்கு அந்தப் பயம்தான். வேறு யாரிடம் சொல்வது? சுபேதார் சாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார். கிழவராகிவிட்டிருந்தார், சைக்கிளுக்குப் பதில் ஆட்டோ. ஷூ மட்டும் அதே பளபளப்பு. கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, பழக்க தோஷம், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. குரல் மெல்லத்தான் வந்தது.

"இந்த வாட்டி நெசமாவே படுத்துக்கினேன் சாரு. எழுதிக்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எழுத வேலையே இல்லக்கா. யாரும் கேக்கல. நேத்து ராவே பையன், இங்க லைன் கெடைக்கலன்னு, ரயில்லருந்து எனக்குப் போன் பண்ணான். நான் குடுத்த அந்தப் பழைய தந்தி வந்தப்ப அங்க கிளார்க்கா இருந்த ஆளுதான் இப்ப லீவு குடுக்கற எடத்துல பெரியவரா இருக்காராம். ஒங்க பொண்ணு குடுத்த தந்தியப் பாத்ததும், 'தாயார் நலம்னு தந்தி குடுத்த வீடாச்சே இது, இவங்க சீரியஸ்னா சீரியஸ்தான், விசாரணை ஒண்ணும் வேணாம், ஓடு'ன்னு ஒரு மணி நேரத்துல அனுப்பிட்டாராம்."

அம்மா தலையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்போ நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்கக்கா."

தம்பி மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அம்மா அவனைப் பார்த்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.